பிறந்த நியூட்ரான் விண்மீனை உதைப்பது எது? வினாடிக்கு 1,083 கி.மீ. வேகம் எங்கிருந்து வருகிறது?

வடமீன் கேட்டது:

பி1508+55 என்ற பல்சாரை (பெருவிண்மீன் வெடித்தபின் மிஞ்சிய, சுழன்றபடி ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வானத்தில் அதன் சொந்த நகர்வு ஆண்டுக்கு 96.7 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு). விஎல்பிஏ ரேடியோ தொலைநோக்கிகள் இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றுவதால் அது இடம் மாறுவது போலத் தெரியும் அளவை) அளந்து 2005இல் சொன்ன தொலைவு 2.37 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு). இரண்டையும் பெருக்கி, அலகை மாற்றும் எண்ணான 4.74ஆல் மறுபடி பெருக்கினால் வினாடிக்கு 1,086 கி.மீ. வருகிறது. ஆய்வுக் கட்டுரையில் உள்ள மதிப்பு 1,083. இதுவும் நம் பார்வைக்குக் குறுக்கே ஓடும் வேகம் மட்டும்தான். நம்மை நோக்கியோ விலகியோ எவ்வளவு என்பது கணக்கில் இல்லை. பூமியிலிருந்து நிலாவுக்கு ஆறே நிமிடம். சூரியன் இருக்கும் பகுதியில் பால்வழியை விட்டு வெளியேற 550 கி.மீ. அளவு போதும்.

இதைப் பெற்றெடுக்கும் பெருவிண்மீன்களோ 10 முதல் 30 கி.மீ. வேகத்தில் சாவகாசமாக நகர்பவை.

முதலில் இரட்டை விண்மீன் விளக்கத்தை எடுத்தேன் (பிளாவ், 1961): ஒன்று வெடித்துப் பாதிக்கு மேல் நிறை பறந்துபோனால், கட்டு அறுந்து இரண்டும் தத்தம் சுற்றுவேகத்தோடு ஓடும். ஆனால் இருவரின் மொத்த நிறை 25 சூரியன் என்று வைத்தாலும், 1,000 கி.மீ. சுற்றுவேகம் வேண்டுமென்றால் இடைவெளி 33 லட்சம் கி.மீ.தான் இருக்க வேண்டும். அதாவது 5 சூரிய ஆரம்கூட இல்லை. 10 சூரிய நிறையுள்ள விண்மீனின் சொந்த ஆரமே இளமையில் கிட்டத்தட்ட அவ்வளவு. வெடிக்கும் தறுவாயில் அது ஊதிப் பெருத்து நிற்கும். இடமே இல்லை.

ஆக, வெடிப்பே உதைக்கிறது என்று ஏற்கிறேன். இடிக்கும் இடங்கள் இவை. 12 கி.மீ. ஆரமுள்ள பந்தை எந்த வாயு எப்படிப் பிடித்துத் தள்ளும்? வெடிப்பின் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோவாக (பொருளோடு அரிதாகவே மோதும் நுண்துகளாக) போகிறது என்றால் உதைப்பதும் அதுதானா? அப்படியே இருந்தாலும் வேலா பல்சார் 61 கி.மீ.யிலும் இது 1,083 கி.மீ.யிலும் ஓடுவது எப்படி?

உந்தக்கணக்கன்:

இரட்டை விண்மீன் கணக்கு சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நெருங்கிய இரட்டையில் முதலில் வெடிப்பது பெரும்பாலும் தன் நிறையைத் துணைக்குக் கொடுத்துவிட்டு இளைத்துப்போன விண்மீன். அது வெடித்தாலும் மொத்த நிறையில் பாதி போகாது. கட்டு அறுவதற்கே தனியாக ஓர் உதை வேண்டியிருக்கும்.

கண்ணால் பார்க்கவே ஓர் இடம் இருக்கிறது. எஸ்147 என்ற வெடிப்பு எச்சத்துக்குள் ஜே0538+2817 என்ற பல்சாரும், எச்டி 37424 என்ற பெருவிண்மீனும் இருக்கின்றன. இரண்டின் பாதையையும் பின்னோக்கி வரைந்தால் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. பழைய ஜோடி. கட்டு அறுந்ததில் துணைக்குக் கிடைத்தது 74 கி.மீ.; பல்சார் ஓடுவதோ 400 கி.மீ. அளவில். பிளாவ் விளக்கம் எவ்வளவு தரும், வெடிப்பு எவ்வளவு தரும் என்பதை ஒரே வீட்டுக்குள் பார்த்துவிடலாம்.

இனி வெடிப்பு. இங்கே ஆற்றலை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். 1.4 சூரிய நிறை, 400 கி.மீ. வேகம்: இயக்க ஆற்றல் 2.2×10⁴¹ ஜூல். வெடிப்பின் இயக்க ஆற்றல் சுமார் 10⁴⁴ ஜூல். அதில் 0.2 சதவீதம்தான், கொசுறு. உங்கள் 1,083 கி.மீ.க்குக்கூட 1.6 சதவீதம் போதும். இதைப் பார்த்துவிட்டு 'அப்புறம் என்ன பிரச்சினை' என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றலுக்குத் திசை கிடையாது, உந்தத்துக்கு உண்டு. கணக்குத் தீர வேண்டியது உந்தத்தில்.

400 கி.மீ.க்கான உந்தம் 1.1×10³⁶ கி.கி. மீட்டர்/வினாடி. 1,083க்கு 3×10³⁶. இதை எதிர்த்திசையில் யாராவது சுமந்துகொண்டு போயிருக்க வேண்டும். இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்.

நியூட்ரினோக்கள்: மொத்தம் 3×10⁴⁶ ஜூல். இந்த அளவு வெறும் கோட்பாடு அல்ல. 1987 பிப்ரவரி 23இல் எஸ்என் 1987ஏ வெடித்தபோது கமியோகாண்டே, ஐஎம்பி, பக்சான் ஆகிய மூன்று கருவிகளிலும் சேர்த்து இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்கள் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் பதிவாகின. அவற்றிலிருந்து கணக்கிட்டதும் இதே வீச்சில்தான் வந்தது. ஒளிவேகத்தால் வகுத்தால் உந்தம் 10³⁸. எல்லாப் பக்கமும் சமமாகப் போவதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் 1 சதவீதம் கூடினால் 300, 400 கி.மீ. கிடைக்கும். 1,083க்கு 3 சதவீதம்.

சிதறும் பொருள்: 10 சூரிய நிறை, 10⁴⁴ ஜூல். திசையைப் பார்க்காமல் கூட்டினால் உந்தம் 6.3×10³⁷. 400 கி.மீ.க்கு இதில் 1.7 சதவீதக் கோணல் வேண்டும், 1,083க்கு 5 சதவீதம்.

இரண்டிலும் கேட்கப்படும் கோணல் சிறியதுதான். எனவே வேகம் அதிகம் என்பது வியப்பே அல்ல. நூறு விழுக்காடு உருண்டையான வெடிப்பு நடந்திருந்தால்தான் வியக்க வேண்டும். யாருடைய கோணல் பெரியது என்பதே கேள்வி, அதற்கு உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கார்முகில்:

உள்ளே நடப்பதை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

இரும்பு உள்ளகம் சரியத் தொடங்கும்போது ஆரம் ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. கால் வினாடி அளவில் நடுப்பகுதி அணுக்கரு அடர்த்தியை (கன செ.மீ.க்கு 2.7×10¹⁴ கிராம்) எட்டி விறைத்துவிடும். மேலே விழுந்துகொண்டிருந்த பொருள் அதில் மோதித் தெறிக்கும், அதிர்ச்சி அலை பிறக்கும். அந்த அலை அப்படியே வெளியே போய் விண்மீனை உடைத்துவிடும் என்று பள்ளிக்கூடப் பாடம்போல் எழுதுவார்கள். போகாது. 100 முதல் 200 கி.மீ. தூரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். வழியில் இரும்புக் கருக்களை உடைப்பதிலேயே ஆற்றல் தீர்ந்துபோகிறது. மேலிருந்து பொருள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து நியூட்ரினோக்கள் சூடேற்றிக்கொண்டே இருக்கின்றன.

கோணல் உருவாவது இந்த இடத்தில்தான். அடியில் சூடு, மேலே குளிர்: உலை கொதிப்பது போலக் குமிழ்கள் எழும். அதோடு, நிற்கும் அதிர்ச்சி அலையே இடமும் வலமுமாகத் தள்ளாடும். இதை 2003இல் பிளாண்டின் குழு கணினியில் காட்டியது. சின்னக் குமிழ்கள் சேர்ந்து பெரிய குமிழாகும். கடைசியில் ஒரு பக்கம் ஒன்றிரண்டு பெருங்குமிழ்கள், மறுபக்கம் இன்னும் உள்ளே கொட்டும் குளிர்ந்த பொருள். சோற்றுப்பானைத் தட்டு எல்லாப் பக்கமும் சமமாக எழும்புவதில்லை. எங்கோ ஓரத்தில் தூக்கிக்கொள்ளும், ஆவி அந்த வழியே போகும், மறு ஓரம் படிந்தே கிடக்கும். அதிர்ச்சி அலையும் அப்படி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போகிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. வாயு அழுத்தம் நேரே தள்ளுவதும், கொட்டும் பொருள் வந்து மோதுவதும் இருக்கத்தான் செய்கின்றன. நீண்ட நேரம் நின்று இழுப்பது அவையல்ல, ஈர்ப்பு. பலமாக வெடித்த பக்கத்தில் பொருள் வேகமாக விலகிப் போய்விட்டது. பலவீனமான பக்கத்தில் அடர்த்தியான பொருள் மெதுவாக, பக்கத்திலேயே நகர்கிறது. நியூட்ரான் விண்மீனை அது தன் பக்கம் இழுக்கிறது. துறைமுகத்தில் கப்பலைக் கயிறு கட்டி இழுக்கும் டக் படகு போல. பந்தைப் பிடித்துத் தள்ள எதுவும் தேவையில்லை, கயிறு ஈர்ப்புதான். ஜெர்மனியின் கார்ச்சிங்கில் யாங்கா குழுவினர் 2004 முதல் இரு பரிமாணத்திலும், 2010 முதல் முப்பரிமாணத்திலும் இதை ஓட்டிக் காட்டினார்கள்.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மெதுவான பக்கத்தில் சூரிய நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு (2×10²⁷ கி.கி.) கூடுதலாக இருக்கிறது, 100 கி.மீ. தூரத்தில் தொடங்கி வினாடிக்கு 5,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்று வையுங்கள். ஈர்ப்பு முடுக்கத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் விடை:

ஈர்ப்பு மாறிலி × கூடுதல் நிறை ÷ (தொடக்கத் தூரம் × விலகும் வேகம்)

6.67×10⁻¹¹ × 2×10²⁷ ÷ (10⁵ × 5×10⁶) = வினாடிக்கு 267 கி.மீ. எதிர்ப்பக்கத்தில் அதே அளவு குறைவு என்றும் வைத்தால் இரட்டிப்பு, 534 கி.மீ. சூரிய நிறையில் ஆயிரத்தில் ஒன்று என்பது பூமியைப் போல 330 மடங்கு. சிதறும் மொத்தத்துக்கு முன் அது தூசு.

இந்தச் சமன்பாட்டில் வேகம் கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தக் கூடுதல் நிறைக் கட்டி மெதுவாக விலகினால் இழுப்பு அதிகம். பலமாக வெடித்த பக்கத்துக்கு எதிராக நியூட்ரான் விண்மீன் ஓடுவது இதனால்தான்.

வடமீன்:

கார்முகில், சமன்பாடு புரிகிறது. உந்தம் தீரவில்லையே? கட்டியின் உந்தம் 0.001 × 5,000 = 5 (சூரிய நிறை × கி.மீ./வி. அலகில்). நியூட்ரான் விண்மீனுக்குக் கிடைத்தது 1.4 × 267 = 374. இழுத்த கட்டி அதே 374ஐ எதிர்த்திசையில் வாங்கியிருக்க வேண்டும். அப்படியானால் அது எப்போதோ நின்று, திரும்பி, உள்ளே விழுந்திருக்கும்.

கார்முகில்:

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வராமலிருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

கட்டி தனியாக இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும், விழுந்துவிடும். அதை விழாமல் தூக்கிப் பிடிப்பது அடியிலுள்ள சூடான வாயு. கட்டி இழக்கும் உந்தத்தை வாயு அழுத்தம் ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. அழுத்தம் ஒரு பக்கம் மட்டும் தள்ளாது; அதே வாயு மறுபக்கத்தில் பெருங்குமிழையும் அதற்கு மேலுள்ள பொருளையும் தள்ளுகிறது. சங்கிலி இப்படி: நியூட்ரான் விண்மீனும் கட்டியும் ஈர்ப்பால் கட்டப்பட்டவை, கட்டியும் பலமான பக்கமும் அழுத்தத்தால் கட்டப்பட்டவை. கணக்கு கடைசியில் வேகமாகப் போகும் பக்கத்தின் தலையில் எழுதப்படுகிறது. 374ஐ அங்கே பல சூரிய நிறைப் பொருள் சுமக்கிறது. உந்தக்கணக்கன் சொன்ன சதவீதக் கோணல் இதுதான். வாயுவுக்கு இந்தத் தெம்பு வருவது நியூட்ரினோச் சூட்டிலிருந்து. அதனால் 'நியூட்ரினோவா, பொருளா' என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பிரிக்கவும் முடியாது: நியூட்ரினோ அடுப்பெரிக்கிறது, இழுப்பது பொருள்.

என் கணக்கில் ஒரு மோசடியும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 5,000 கி.மீ. வேகத்தில் போகும் கட்டி 0.18 வினாடியில் 1,000 கி.மீ. தூரத்துக்குப் போய்விடும், அதற்குள் இழுப்பில் 90 சதவீதம் முடிந்துவிடும். உண்மையில் ஒரு கட்டி அல்ல, தொடர்ந்து வந்து நிரம்பும் பொருள். முப்பரிமாணக் கணிப்புகளில் வேகம் பல வினாடிகளுக்கு ஏறிக்கொண்டே போகிறது. இதில் விழும் பள்ளம் ஒன்று: கணிப்பை வெடிப்பு தொடங்கிய அரை வினாடியிலேயே நிறுத்திவிட்டு 'உதை 100 கி.மீ.தான்' என்று எழுதினால் அது பாதிப் பயணத்தில் படித்த மீட்டர்.

எக்ஸ்கதிர்:

கோட்பாடு போதும், சாட்சிக்கு வருவோம். காசியோபியா ஏ என்ற வெடிப்பு எச்சம். தொலைவு 3.4 கிலோபார்செக், வெடிப்பின் ஒளி பூமிக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். 1999 ஆகஸ்டில் சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது) எடுத்த முதல் படத்திலேயே நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. அந்த நியூட்ரான் விண்மீன் வெடிப்பு மையத்திலிருந்து தெற்கே நகர்ந்து நிற்கிறது. குறுக்கு வேகம் சுமார் 330 கி.மீ.

இழுவை விளக்கம் சரியென்றால் பலமான பக்கத்தில் சிலிக்கான் முதல் இரும்பு வரையான தனிமங்கள் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதிர்ச்சி அலை பலமாகப் போன இடத்தில்தான் அவை அதிகம் சமைகின்றன. அந்தப் பக்கம் நியூட்ரான் விண்மீனுக்கு நேர் எதிராக இருக்க வேண்டும்.

சோதிக்க நல்ல தனிமம் டைட்டானியம்-44. ஏன் இரும்பு இல்லை? சாதாரண எக்ஸ்கதிர்ப் படத்தில் இரும்பு தெரிய வேண்டுமானால் எதிர் அதிர்ச்சி அலை (சிதறிய பொருளுக்குள் உள்நோக்கிப் போகும் அலை) அதைத் தாண்டிச் சூடேற்றியிருக்க வேண்டும். உள்ளே குளிர்ந்து கிடக்கும் இரும்பு கண்ணில் படாது. அதனால் இரும்புப் படம் சூட்டின் படமாகவும் ஆகிவிடுகிறது, பொருள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. டைட்டானியம்-44 கதிரியக்கம் உள்ளது, அரை ஆயுள் ஏறத்தாழ 60 ஆண்டு. சிதையும்போது 68, 78 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கோடுகளை வெளியிடும். சூடோ குளிரோ அதற்கு ஒன்றுதான். 2014இல் நூஸ்டார் தொலைநோக்கி இதை வரைந்தது. பெரும்பங்கு டைட்டானியம் நியூட்ரான் விண்மீனின் ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம்! 2018இல் கட்சுடா குழு வேறு எச்சங்களையும் சேர்த்து நடுத்தர நிறையுள்ள தனிமங்களைப் பார்த்தது. அங்கும் சாய்வு எதிர்ப்பக்கமே.

பலர் செய்யும் பிழை: காசியோபியா ஏயின் வடகிழக்கில் துருத்திக்கொண்டிருக்கும் தாரையைப் படத்தில் பார்த்துவிட்டு, அதன் எதிர்விசைதான் உதை என்று முடிவுகட்டுவது. நியூட்ரான் விண்மீன் ஓடும் திசை அந்தத் தாரைக்கு ஏறக்குறைய செங்குத்து. தாரையிலுள்ள நிறையும் கொஞ்சம். கண்ணைக் கவர்வது ஒன்று, உந்தம் சுமப்பது வேறொன்று.

நியூட்ரினோக் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். காந்தப்புலத்தால் நியூட்ரினோக்கள் ஒரு பக்கம் சாய வேண்டுமானால் 10¹⁵ காஸுக்கு மேல், அதுவும் ஒழுங்கான பெரும்புலம் தேவை. பப்பிஸ் ஏ எச்சத்திலுள்ள நியூட்ரான் விண்மீனில், சுழற்சி குறையும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்ட புலம் 3×10¹⁰ காஸ்தான். ஆனால் ஓடுவதில் சூரன். புலம் மேலோட்டுக்கு அடியில் புதைந்திருக்கலாம் என்ற வாதம் உண்டு, எனக்கு அது தேவைக்கேற்ப ஒட்டுப்போட்டது போலத் தோன்றுகிறது. காந்தம் இல்லாமலேயே வரும் சாய்வும் உண்டு. 2014இல் தம்போரா குழு கணிப்பில் கண்டது. எலெக்ட்ரான் நியூட்ரினோ ஒரு பக்கமும் அதன் எதிர்நியூட்ரினோ மறுபக்கமும் கூடுதலாகப் போகின்றன. இரண்டும் பெருமளவு ஈடாகிவிடுவதால் மிச்சம் நிற்பது சில பத்து கி.மீ. உதை. சின்ன உதை வாங்கியவற்றில் இதுவே பெரும்பங்காக இருக்கலாம்.

அளவுகோல்:

எல்லோரும் வேகத்தைக் கொடுத்த எண்ணாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த எண் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்கவில்லை.

எக்ஸ்கதிர் சொன்ன அதே பப்பிஸ் ஏ. 2007இல் வெளியான வேகம் வினாடிக்கு 1,570 கி.மீ. 'அண்டத்துப் பீரங்கிக்குண்டு' என்று செய்தியெல்லாம் வந்தது. 2012இல் 672. 2020இல் 763, பிழை 73. விண்மீன் மாறவில்லை, தொலைவும் மூன்றிலும் அதே 2 கிலோபார்செக். மாறியது சொந்த நகர்வு: ஆண்டுக்கு 165, பிறகு 71, பிறகு 80 மில்லி ஆர்க்செகண்ட். முதல் அளவீட்டில் இரண்டு படங்களுக்கு இடையே சுமார் 5 ஆண்டுதான். 80 × 5 = 0.4 ஆர்க்செகண்ட். சந்திரா பிரித்துக் காட்டும் நுணுக்கமே அரை ஆர்க்செகண்ட் அளவுதான். ஒரு புள்ளிக்குள் நடந்ததை அளந்திருக்கிறார்கள். அதோடு இரண்டு படங்களையும் பொருத்திப் பார்க்க அந்தச் சட்டகத்தில் கிடைத்த பின்னணி விண்மீன்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2020 அளவீட்டில் கால இடைவெளி 1999 முதல் 2019 வரை, அதனால்தான் பிழை குறைந்தது.

இன்னும் முடியவில்லை. தொலைவு 2 இல்லை, 1.3 கிலோபார்செக் என்றும் ஒரு மதிப்பு உண்டு. அதைப் போட்டால் 763 உடனே 496 ஆகிவிடும். வேகம் தொலைவுக்கு நேர்விகிதம், தப்பிக்க வழியில்லை.

ஜே0002+6216 என்ற பல்சாரின் கதையும் இதே. துடிப்பு நேரங்களை வைத்து 115 மில்லி ஆர்க்செகண்ட் என்றார்கள்: 2 கிலோபார்செக்கில் 1,100 கி.மீ., 2019இல் செய்தி. 2023இல், வெகுதூரத்தில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துச் செய்த அளவீடு 35 என்றது: அதே தொலைவில் 335 கி.மீ. இளம் பல்சார்களின் துடிப்பு சீராக இருக்காது. அந்தத் தடுமாற்றம் ஓராண்டுச் சுழற்சியோடு கலந்து நகர்வு போல வேஷம் போடும். இளம் பல்சாருக்குத் துடிப்பு நேரத்திலிருந்து எடுத்த சொந்த நகர்வை, வேறு வழியில் உறுதியாகும் வரை நம்ப வேண்டாம்.

நீங்களே பட்டியல் எடுத்து வேலை செய்வதானால் ஏடிஎன்எஃப் பல்சார் பட்டியலில் தொலைவுக்குப் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். இடமாறு தோற்றத்திலிருந்து வந்ததை மட்டும் தனியாகப் பிரியுங்கள். மற்றவை ரேடியோ அலை எலெக்ட்ரான்களால் எவ்வளவு தாமதமானது என்பதை வைத்து, பால்வழியின் எலெக்ட்ரான் வரைபடம் ஒன்றோடு ஒப்பிட்டுச் சொன்னவை. வரைபடத்தை மாற்றினால் சிலவற்றின் தொலைவு இரண்டு மடங்கு மாறும். கிதார் நெபுலாவை இழுத்துக்கொண்டு ஓடும் பி2224+65 அப்படிப்பட்டதே: முன்பு 1.9 கிலோபார்செக் என்று வைத்து 1,600 கி.மீ.க்கு மேல் சொன்னார்கள். இடமாறு தோற்றம் 0.83 என்றது, வேகம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பி1508+55 மட்டும் நின்று பிடிக்கிறது, நகர்வும் தொலைவும் இரண்டும் நேரடி அளவீடு. கேள்வி கேட்டவர் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்.

கார்முகில்:

மூன்றாவது கேள்வி விட்டுப்போகிறது, 61க்கும் 1,083க்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு பங்கு தற்செயல். அதே 15 சூரிய நிறை விண்மீனை எடுத்து, தொடக்க வேகங்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரைச்சலை மட்டும் மாற்றி மாற்றிக் கணிப்பை ஓட்டினால், உதை சில பத்து கி.மீ.யிலிருந்து பல நூறு வரை வருகிறது. பெருங்குமிழ் ஒரு பக்கம் ஒன்றாகச் சேர்ந்ததா, எதிரெதிரே இரண்டாக நின்றதா என்பதுதான் தீர்மானிக்கிறது. எதிரெதிரே நின்றால் வெடிப்பு பார்க்கக் கோணலாக இருக்கும், உதை கிட்டத்தட்ட இருக்காது. கோணலும் உதையும் ஒன்றல்ல.

இன்னொரு பங்கு தாய் விண்மீனின் கட்டமைப்பு. 8 முதல் 10 சூரிய நிறை உள்ளவற்றில் உள்ளகத்துக்கு வெளியே அடர்த்தி மலைச்சரிவு போல இறங்கிவிடும். அதிர்ச்சி அலை அதிக நேரம் நிற்காமல் போய்விடும். குமிழ்கள் சேர நேரமும் இல்லை, அருகில் நின்று இழுக்கப் பொருளும் இல்லை. எலெக்ட்ரான் பிடிப்பால் (அணுக்கருக்கள் எலெக்ட்ரான்களை விழுங்குவதால்) சரியும் உள்ளகங்களுக்கு முப்பரிமாணக் கணிப்பில் பொருளால் வரும் உதை சில கி.மீ. மட்டுமே. பெரிய விண்மீன்களில் அலை நீண்ட நேரம் நிற்கும், பொருளும் நிறையக் கொட்டும், உதையும் பெரிது.

குறைந்த உதைக்குச் சாட்சி கோளக் கொத்துகள் (விண்மீன்கள் உருண்டையாக நெருங்கிக் கூடிய கூட்டங்கள்). அவற்றிலிருந்து தப்ப 50 கி.மீ. வேகம் போதும், எல்லாமே 400இல் பிறந்திருந்தால் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. டெர்சான் 5இல் மட்டும் 40க்கு மேல் பல்சார்கள் இருக்கின்றன. சில வெள்ளைக் குறுமீன்கள் சரிந்து பிறந்தவையாக இருக்கலாம் என்றாலும், அவையும் சின்ன உதைக் கூட்டம்தான். இரட்டைப் பல்சார் ஜே0737–3039இல் இரண்டாவதாகப் பிறந்தது 1.25 சூரிய நிறைதான். சுற்றுப்பாதையின் நீள்மை 0.088, அந்த ஜோடி மொத்தமாக நகரும் குறுக்கு வேகம் 10 கி.மீ. அளவு. பலமாக உதைபட்டிருந்தால் பாதை இப்படி வட்டமாக நிற்காது.

அதனால் சராசரி 400 என்று வாய்ப்பாடு போலச் சொல்வதை எச்சரிக்கையோடு எடுங்கள். 2005இல் ஹாப்ஸ் குழு 233 பல்சார்களின் நகர்விலிருந்து ஒரே மேக்ஸ்வெல் பரவலாக (வேகங்கள் எப்படிச் சிதறிக் கிடக்கும் என்று சொல்லும் வளைகோடு) பொருத்தியதில் கிடைத்த எண் அது. அகலம் 265 கி.மீ. தனியாக ஓடும் பல்சார்களின் பட்டியலில் ஜோடியாகவே தங்கிவிட்ட சின்ன உதைக்காரர்கள் சரியாக வருவதில்லை.

வடமீன்:

நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. மையம் விலகிய காந்த இருமுனை சுழலும்போது கதிர்வீச்சு ஒரு பக்கம் கூடி ராக்கெட் போலத் தள்ளும் என்று ஹாரிசன், தடெமாரு 1975இல் சொன்னார்களே? வேகம் சுழற்சி அச்சோடு ஒத்துப்போவதற்கு அது இயல்பான விளக்கமாகத் தெரிகிறது.

உந்தக்கணக்கன்:

அந்த ராக்கெட் ஓட, பிறக்கும்போதே வினாடிக்குப் பல நூறு சுற்று வேண்டும். எரிபொருள் சுழற்சி ஆற்றல்தானே. முன்பு சொன்ன ஜே0538+2817ஐ எடுங்கள். சுழற்சிக் காலம் 143 மில்லி வினாடி. காலம் கூடும் வீதத்தை வைத்துச் சொல்லும் 'வயது' 6 லட்சம் ஆண்டு. எச்சத்தின் மையத்திலிருந்து ஓடிவந்த தூரம் சொல்லும் வயது 30,000 முதல் 40,000. முதல் வயது, பிறக்கும்போது மிக வேகமாகச் சுழன்றது என்ற அனுமானத்தில் வருவது, அனுமானம் தப்பு. உண்மை வயதைப் போட்டால் பிறந்தபோதே காலம் சுமார் 139 மில்லி வினாடி, வினாடிக்கு ஏழு சுற்றுதான். ராக்கெட்டுக்கு எரிபொருளே இல்லை, ஆனால் 400 கி.மீ.

அச்சு ஒத்துப்போவது உண்மைதான், இதே பல்சாருக்கு 2021இல் சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி அளவுகளைக் கொண்டு முப்பரிமாணத்திலும் காட்டிவிட்டார்கள். இழுவை விளக்கத்துக்கு இது உறுத்தலான இடம். வெளியே நிற்கும் பொருள் இழுக்கும்போது பந்து எந்த அச்சில் சுழன்றாலும் இழுப்புக்கு ஒன்றுதான். சுழற்சியால் பக்கவாட்டு இழுப்பு ஈடாகிவிடும் என்ற பழைய வாதம் இங்கே செல்லாது. மையத்தை விட்டு ஏற்கெனவே நகர்ந்துவிட்ட விண்மீன்மீது பிறகு திரும்பி விழும் பொருள்தான் அச்சைத் திருப்பி ஓட்டத் திசைக்குக் கொண்டுவருகிறது என்று 2022இல் யாங்கா, வொங்வத்தனாரத், கிராமர் மூவரும் எழுதினார்கள். அதாவது, உதை அச்சைப் பின்பற்றவில்லை, அச்சு உதையைப் பின்பற்றியது.

வடமீன்:

சரி. சரிபார்ப்புக்காக வேலாவையும் போட்டேன்: 58 மில்லி ஆர்க்செகண்ட் × 0.287 கிலோபார்செக் × 4.74 = 79 கி.மீ. எல்லோரும் 61 என்கிறார்கள். 18 எங்கே போனது?

அளவுகோல்:

சூரியனுடைய சொந்த ஓட்டத்தையும் பால்வழியின் சுழற்சியையும் கழிக்கவில்லை நீங்கள். 1,083இல் அது தெரியாது, 79இல் கால்வாசியைத் தின்றுவிடும்.